சொந்தக் கையால் ஒரு டட்சன் 120ஒய்

டட்சன் 120ஒய் நான்கு கதவும் நான்கு சிலிண்டரும் கொண்ட சிறிய கார். எஞ்சின் 1171 சிசி; இழுவிசை பின்சக்கரங்களுக்குப் போகிறது. ஜப்பானில் 1973இல் நிஸான் சன்னி என்று வெளிவந்த பி210 வரிசைதான் மலேசியாவில் இந்தப் பெயரோடு ஓடியது. இதில் கணினி கிடையாது. பெட்ரோலை கார்புரேட்டர் கலக்கிறது, தீப்பொறியை டிஸ்ட்ரிபியூட்டர் பகிர்கிறது, வால்வுகளை ஒரு கேம் தண்டும் தள்ளுகோல்களும் திறந்து மூடுகின்றன. எந்தக் கோளாறு வந்தாலும் கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய ஒரு காரணம் அதற்கு இருக்கும். சிறு கருவிப் பெட்டி, ஒரு பராமரிப்புக் கையேடு, கொஞ்சம் பொறுமை ஆகியவை உள்ள எவரும் வீட்டு வாசலிலேயே இந்தக் காரின் பெரும்பாலான வேலைகளைச் செய்துகொள்ளலாம்.

மலேசியாவின் தெற்குக் கெடாவில் இந்தக் காருக்கு முன்பு இதன் இடத்தில் இருந்தது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான அந்தக் கார், ரப்பர் தோட்டங்களில் கிராணி, டிரெஸ்ஸர், பள்ளித் தலைமையாசிரியர் போன்றோரின் வாகனமாக இருந்தது. பால் வெட்டுத் தொழிலாளிக்கு அப்போது சைக்கிளே பெரிது. தான் சோங் நிறுவனம் 1957இல் டட்சன் விற்பனை உரிமையைப் பெற்று, 1976இல் கோலாலம்பூரின் செகாம்புட்டில் சொந்த இணைப்பு ஆலையைத் திறந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தபின் நகரத்தார் புதிய காருக்குப் போனார்கள். அவர்கள் விற்ற டட்சன்கள் இரண்டாம் கை விலையில் பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில், கூலிம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்ற முதல் கார் பல குடும்பங்களுக்கு இதுதான்.

அதைப் பழுதுபார்க்கும் கையும் தோட்டத்திலேயே இருந்தது. ரப்பர் ஆலையின் எஞ்சின் அறை, பால் லோரி, டிராக்டர் எல்லாவற்றையும் ஓட வைத்த ஃபிட்டர்களும் டிரைவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். புத்தகம் படித்துக் கற்றவர்கள் அல்லர் என்றாலும், சத்தத்தைக் கேட்டு பேரிங்கின் தேய்மானத்தைச் சொல்லக்கூடியவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, மக்கள் சுங்கை பட்டாணி, லூனாஸ் குடியிருப்புத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த அறிவின் பெரும்பகுதி எழுதப்படாமலே சிதறிப்போனது. அதை மீண்டும் திரட்டிக்கொள்ள ஒரு 120ஒய் நல்ல வழி.

வாங்கும் முன்

ஐம்பது வயதை எட்டிய காரில் எஞ்சின் இரண்டாவது கவலைதான். முதல் கவலை தகடு. கெடாவின் ஈரக்காற்றும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும் மழையும் இரும்பை ஓயாமல் அரிக்கின்றன. கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டை, பேட்டரி உட்கார்ந்திருக்கும் தட்டு, முன்கண்ணாடியின் அடி விளிம்பு, கால்மிதிக்குக் கீழுள்ள தரை, பின் ஸ்பிரிங் மாட்டப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் தகடு நல்லது. மொத்தென்று ஒலித்தால் பெயின்டுக்கு அடியில் புட்டி அப்பியிருக்கிறது என்று பொருள். தோட்டத்தில் உழைத்த காராக இருந்தால் பின்பெட்டியின் தரையையும் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது அவசியம். பால் உறையச் சேர்க்கும் ஃபார்மிக் அமிலம் சிந்திய தகடு சல்லடையாகிவிடும்.

கிராண்ட் எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் பொறித்துள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். முன்னொரு உரிமையாளர் எஞ்சினை மாற்றிவிட்டுச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் அங்கேயே நின்றுவிடும். எண் பொருந்தாத கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. ஓட்டையான தகட்டை வெட்டி ஒட்டலாம். ஆவணத்தை ஒட்ட முடியாது.

எஞ்சினின் உடல்நிலையை அறியக் கம்ப்ரெஷன் சோதனை போதும். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, அளவுமானியை ஒவ்வொரு துளையிலும் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களில் மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கசிவு.

கருவிகள்

மோரிஸ் மைனர் வைத்திருந்தவர் அங்குல அளவு ஸ்பேனர்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. டட்சனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மோட்டார்சைக்கிளுக்கு வைத்திருக்கும் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்களே காரின் முக்கால்வாசியைக் கழற்றிவிடும். இவற்றோடு பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், டைமிங் லைட், டார்க் ஸ்பேனர், மின்னோட்டம் பார்க்கும் மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. டார்க் ஸ்பேனரை ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை உருவி வரும். அந்த ஒரு மரையைச் சரிசெய்யும் செலவில் நல்ல டார்க் ஸ்பேனரே வாங்கிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். தாமான் வீட்டு வாசலின் சிமெண்டுத் தரை பரவாயில்லை. தோட்டத்துச் செம்மண் தரையில் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் கனமான பலகை போட்டாக வேண்டும். காருக்கு அடியில் நுழைவதற்கு முன் அதைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. எரிபொருள் வேலை எதுவானாலும் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

வழக்கமான வேலைகள்

எஞ்சின் எண்ணெயை 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், கார் அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுவது போதும். சுமார் 3 லிட்டர் பிடிக்கும். 20டபிள்யூ-50 கெடாவின் வெயிலுக்குப் பொருந்தும். இன்றைய கார்களுக்கென்று வரும் மெல்லிய எண்ணெய்களில் துத்தநாகச் சேர்க்கை குறைவு. கேம் தண்டு நேரடியாக உரசும் பழைய எஞ்சினுக்கு அந்தத் துத்தநாகம்தான் கவசம். ஆகவே, பழைய எஞ்சின்களுக்கு உரியது என்று டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குவதே சரி. கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஒரே எண்ணெயை ஊற்றிவிடுவது பரவலான தவறு. பின் அச்சுக்கு ஜிஎல்-5 வகை வேண்டும். கியர் பெட்டிக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5இன் சேர்க்கைகள் கியர் பெட்டிக்குள் உள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். அந்த வளையங்கள் போனால் கியர் மாற்றும்போதெல்லாம் கரகரக்கும்.

டேப்பட் சரிசெய்வது இந்தக் காரில் மிகவும் நிறைவு தரும் வேலை. வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே சிறிய இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் தையல் இயந்திரம் போல டக்டக்கென்று சத்தம் கேட்கும். வால்வு முழுமையாகத் திறக்காது. குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு முழுமையாக மூடாமல் எரிந்துபோகும். அதனால் சத்தமில்லாத எஞ்சினைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. சற்றே சத்தமிடும் டேப்பட்டுதான் பாதுகாப்பானது. எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்ளிழுப்பு, வெளியேற்று வால்வுகள் இரண்டுக்கும் 0.35 மில்லிமீட்டர்.

செய்முறை இது. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்தி, மேல்மூடியைக் கழற்ற வேண்டும். முன்புறப் புல்லியில் உள்ள குறியை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் தளர்வாக ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அந்த நிலையில் முன்னிருந்து எண்ணி 1, 2, 3, 5 ஆகிய வால்வுகளைச் சரிசெய்யலாம். பிறகு புல்லியைச் சரியாக ஒரு சுற்று சுற்றினால் மீதியுள்ள 4, 6, 7, 8 முறைக்கு வரும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகட்டை இடுக்கில் வைத்து, திருகைத் திருப்பி, தகடு லேசான பிடிப்போடு நகரும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது திருகு சற்றே கூடச் சுற்றிவிடும் என்பதால் மறுபடி அளப்பது கட்டாயம். முதல் முறை அரைநாள் ஆகும். மூன்றாவது முறை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.8 முதல் 0.9. வெடிப்பு வரிசை 1-3-4-2. பிளக் வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டிவிட்டால் பின்னால் குழப்பம் வராது. பாயிண்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் பாயிண்டை முதலிலும் டைமிங்கை அதன் பின்னும் பார்க்க வேண்டும். வரிசை தப்பினால் இரண்டு வேலையும் வீண்.

கழற்றிய பிளக்கின் முனை எஞ்சினுக்குள் நடப்பதைச் சொல்லும். வெளிர் பழுப்பு நிறம் சரியான எரிப்பு. கரி படிந்த கறுப்பு, பெட்ரோல் அதிகம் என்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் அதிகச் சூடாகிறது. எண்ணெய்ப் பசை தெரிந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வண்டி இழுக்கவில்லை என்றதும் கார்புரேட்டர் திருகைத் திருப்பத் தொடங்குபவர்கள் பலர். பிளக்கைப் பார்க்காமல் அந்தத் திருகைத் தொடுவது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதுதான்.

இந்தக் காரின் ஹிட்டாச்சி கார்புரேட்டரில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. மிதவைத் தொட்டியின் பக்கத்தில் சிறு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் மட்டத்தைத் திறக்காமலே அதில் பார்க்கலாம். மட்டம் குறியோடு நிற்காவிட்டால் மிதவையோ ஊசி வால்வோ சரியில்லை. ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தவே கூடாது. நுண்ணளவில் துளைக்கப்பட்ட அது கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துக் காற்றை ஊதினால் போதும். செம்மண் சாலையில் அடிக்கடி போகும் காரின் ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்வதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

ஈயமில்லாப் பெட்ரோல் பழைய காரைக் கெடுக்கும் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. மோரிஸ் மைனர் போன்ற இரும்பு ஹெட் கொண்ட எஞ்சின்களுக்கு அது ஓரளவு உண்மை. ஈயம் இல்லாமல் அவற்றின் வால்வு அமரும் இடம் தேயும். டட்சனின் அலுமினிய ஹெட்டில் கடினமான உலோக வளையங்கள் தனியே பதிக்கப்பட்டிருப்பதால் ரோன் 95 ஊற்றி நிம்மதியாக ஓட்டலாம். உண்மையான ஆபத்து பெட்ரோல் குழாய்களில்தான். பழைய ரப்பர் குழாய் உள்ளே இற்று, வெளியே வெடித்து, சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோலைச் சொட்டவிடும். புதிதாக வாங்கிய பழைய காரில் முதல் வாரமே எல்லா ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும்.

சூடும் நிறுத்தமும்

அலுமினிய ஹெட்டின் பெரிய எதிரி அதிகச் சூடு. ஒரு முறை தண்ணீர் வற்றிக் கொதித்தால் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். சுங்கை பட்டாணி பட்டணத்து நெரிசலில் நண்பகல் வேளையில் நிற்கும் காருக்கு இது வெறும் பயமல்ல. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றினால் அலுமினியமும் இரும்பும் உள்ளே அரிக்கும். கூலன்ட் கலந்த நீரே வேண்டும். நம் பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. வெப்ப நாட்டில் அது எதற்கு என்பது வாதம். தவறான வாதம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேயும், எண்ணெயில் ஈரம் தங்கும். கார் கொதித்தால் காரணம் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப், பழுதான மூடி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். தேட வேண்டியது அங்கேதான்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அது ஆவியாகி மிதி தரையைத் தொடும். குனோங் ஜெராயிலிருந்து காரில் இறங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கெடாவின் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றுவது நல்லது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் மிதிக்க ஒருவர் திறந்து மூடி, குமிழி நிற்கும்வரை இறக்க வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். பிரேக் வேலையில் ஐயம் எழுந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மாற்றி அமைத்தல்

பழைய காரை வாங்கியவுடன் பலருக்கு முதலில் தோன்றுவது அதன் வேகத்தைக் கூட்டுவது. வரிசை அப்படி இருக்கக் கூடாது. நிற்க முடியாத கார் வேகமாகப் போகக் கூடாது என்பதால் பிரேக், ஸ்டியரிங், டயர், சீட் பெல்ட் ஆகியவை முதலில் வர வேண்டும். ஆண்டுக்கணக்கில் நின்ற காரின் டயர் புதுசுபோலத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் பொறித்துள்ள தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். பத்து வயது டயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்குக் காரணமே இல்லை. முன்னிருக்கைப் பெல்ட் மலேசியாவில் 1979 முதல் கட்டாயம். வெயிலில் இற்ற பழைய நாடாவை மாற்றிவிட வேண்டும்.

அடுத்துப் பயன் தரும் மாற்றம், பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணுத் தீப்பொறி அமைப்பைப் பொருத்துவது. தோற்றம் மாறாது, மழைக்காலக் காலையில் கார் உடனே கிளம்பும், அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலையும் போய்விடும். குளிர்சாதனம் பின்னால் பொருத்தப்பட்ட கார்களில் பழைய ஆர்12 வாயு இருந்தால் அதே வாயுவைத் தேட வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையால் அது விலக்கப்பட்டது. ஆர்134ஏவுக்கு மாறும்போது கம்ப்ரெஷர் எண்ணெயும் சீல்களும் சேர்ந்து மாற வேண்டும்.

எஞ்சின் மாற்றத்துக்கு டட்சன் குடும்பமே வழி செய்து வைத்திருக்கிறது. 120ஒய்யில் இருப்பது ஏ12. 73 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் வீச்சு. அதே குடும்பத்தின் ஏ14 1397 சிசி, ஏ15 1488 சிசி. தான் சோங் இங்கே நெடுங்காலம் விற்ற நிஸான் வேனட் வேனில் இருந்தது ஏ15தான். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை வியாபாரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உழைத்து ஓய்ந்த அந்த வேன்களின் எஞ்சின் 120ஒய்யின் பானெட்டுக்குள் போவது மலேசிய டட்சன் பிரியர்களிடையே பழகிப்போன வேலை. கியர் பெட்டியோடு சேரும் முகம் ஒன்றே என்பது பெரிய வசதி. ஆனால் ஏ14, ஏ15 பிளாக்குகள் ஏ12ஐவிடச் சற்று உயரம். ஆகவே எக்ஸாஸ்ட் குழாய், கார்புரேட்டர் மேல்மூடி, எஞ்சின் தாங்கிகள், எண்ணெய்த் தொட்டியின் வடிவம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒப்பிட்டு அளந்துகொள்ள வேண்டும். கூடுதல் சூட்டுக்குப் பெரிய ரேடியேட்டரும் கூடுதல் இழுவைக்கு நல்ல முன் டிஸ்க் பிரேக்கும் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது சரியல்ல.

சட்டத்தின் பக்கம் இங்கேதான் வருகிறது. எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்தின் சோதனையும் வேண்டும். புதிய எஞ்சின் எண் கிராண்டில் ஏற வேண்டும். எஞ்சினோடு அதை வாங்கிய ரசீதும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கட்டாயம் எழும். தீபகற்பத்தில் தனியார் காருக்கான சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1171 சிசிக்கு ஆண்டுக்கு 55 ரிங்கிட். 1397 சிசிக்கு 70. 1488 சிசிக்கு 90. வித்தியாசம் வெறும் 35 ரிங்கிட். இதை மறைப்பதற்காகப் பதியாமல் ஓட்டி, விபத்தென்று வந்துவிட்டால் காப்புறுதியையே இழப்பவர்கள் தங்கள் குடும்பத்துக்கு அநீதி செய்கிறார்கள். பழைய கார்களுக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தருகின்றன. அதையாவது சிக்கலின்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

காரைத் தாழ்த்துவது இன்னொரு ஆசை. முன் ஸ்பிரிங்கை வெட்டி, பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்தால் கார் தாழும். படத்துக்கு அழகாகவும் இருக்கும். வெட்டிய ஸ்பிரிங் மேடு பள்ளத்தில் இருக்கையை விட்டு நழுவக்கூடும். செம்பனை லோரிகள் உழுத தோட்டச் சாலையின் நடுமேடு எண்ணெய்த் தொட்டியை உடைத்துவிடும். கெடாவின் உட்புறச் சாலைகளில் ஓடும் காருக்கு இந்த மாற்றம் பொருந்தாது.

பொருள் கிடைக்கும் இடமும் கழிவு போகும் இடமும்

ஏ12 எஞ்சினுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. இதே ஏ குடும்பத்து எஞ்சின்களோடு வந்த சன்னி சிறு லோரி ஜப்பானில் 1994 வரையிலும் தென்னாப்பிரிக்காவில் 2008 வரையிலும் தயாரானது. கேஸ்கட், பேரிங், பிஸ்டன், பம்ப் எல்லாம் அதனால் உயிரோடு இருக்கின்றன. கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி, பம்பர் போன்ற உடல் பாகங்கள்தான் அரிது. சுங்கை பட்டாணி முதல் புக்கிட் மெர்தாஜாம் வரையுள்ள பழைய உதிரிபாகக் கடைகளையும் கார் வெட்டும் கடைகளையும் பொறுமையாகச் சுற்ற வேண்டும். மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு ஆறுதல்: அந்தக் காரின் தகட்டு பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன.

வடித்த எஞ்சின் எண்ணெயை வேலிக் கம்பத்துக்கும் காரின் அடிப்பகுதிக்கும் பூசுவது தோட்டத்து வழக்கமாக இருந்தது. மீதி வடிகாலுக்குப் போனது. மலேசியச் சட்டத்தில் பயன்படுத்திய மசகு எண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. கெடாவின் ஓடைகள் பல சுங்கை மூடாவில் சேர்கின்றன. அந்த ஆற்றிலிருந்துதான் கெடாவின் ஒரு பகுதிக்கும் பினாங்குக்கும் குடிநீர் எடுக்கப்படுகிறது. பழைய எண்ணெயை அதன் டப்பாவிலேயே திருப்பி ஊற்றி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுப்பது பெரிய வேலை அல்ல. பழைய பேட்டரிக்கு இரும்புக் கடையில் காசே கிடைக்கும்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு வழிகள் அருகிலேயே இருக்கின்றன. சுங்கை பட்டாணியில் தொழிற்கல்லூரிகள் உள்ளன. மாநில எல்லைக்கு அப்பால் நிபோங் திபாலில், தோட்ட முதலாளியாக இருந்த என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளையின் பெயரில் தொழிற்பயிற்சிக் கழகம் இயங்குகிறது. கூலிமில் இனோகோம் கார் இணைப்பு ஆலை, குரூணில் மொடேனாஸ் மோட்டார்சைக்கிள் ஆலை என்று வேலையிடங்களும் மாநிலத்துக்குள்ளேயே உண்டு. டேப்பட் இடைவெளியைத் தன் கையால் அளந்து பழகிய மாணவனுக்கு வகுப்பில் சொல்லப்படுவது எளிதில் பிடிபடும்.

ஒரு 120ஒய் வைத்திருப்பவர் உடனடியாகச் செய்ய வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குவது. மாற்றிய எண்ணெய், அளந்த இடைவெளி, கம்ப்ரெஷன் அளவு, வாங்கிய பாகம், கிலோமீட்டர், தேதி எல்லாம் அதில் ஏற வேண்டும். கழற்றிய பழைய எஞ்சினையும் பாகங்களையும் எறிந்துவிடாமல் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். தோட்டத்து ஃபிட்டராகவோ லோரி டிரைவராகவோ இருந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை பானெட்டைத் திறக்கும்போது அவரையும் அருகில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அவர் சொல்வதை அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.